இரண்டு ஊஞ்சல், இருபது பிள்ளைகள்

மாலை ஐந்தரை மணிக்குச் சென்னையின் எந்தக் குடியிருப்புப் பகுதிப் பூங்காவுக்குப் போனாலும் காட்சி ஒன்றுதான். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் ஊஞ்சலைச் சுற்றி நிற்பார்கள். சர்க்கரைக்காக நடக்கச் சொன்ன மருத்துவர் பேச்சைத் தட்டாத பெரியவர்கள் நடைபாதையைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி, பந்தும் மட்டையுமாக எட்டாம் வகுப்புப் பையன்கள், உடற்பயிற்சிக் கருவியில் ஏறி நின்றபடி செல்போன் பார்க்கும் ஒருவர். இத்தனை பேருக்கும் இருப்பது இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், ஒரு சீசா. யாரும் குரலை உயர்த்தாமல் பூங்கா மூடும் நேரம் வந்துவிட்டால் அது நல்ல நாள்.

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அடக்கமே கிடையாது” என்று சொல்லிவிடுவது சுலபம். அதற்கு முன் நிலத்தின் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீட்டு) நிலம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 10,000 சதுர மீட்டருக்குள் இருக்கும் இடங்களில் நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டிவிடவும் வழி உண்டு. தெருக்கோடிப் பூங்காக்கள் பலவும் இப்படிக் கிடைத்த நிலத்தில் எழுந்தவை. சாலை போக 5,000 சதுர மீட்டர் மிஞ்சும் மனைப்பிரிவு என்றால் பூங்காவுக்கு 500 சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டேகால் கிரவுண்டு. அதாவது 20 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளம்.

இதற்குள் ஓர் ஊஞ்சலை நிறுத்திப் பாருங்கள். விளையாட்டிடப் பாதுகாப்புக்கு அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டை உலகம் முழுக்கப் புரட்டுகிறார்கள். ஊஞ்சலின் மேல்கம்பி எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தூரம் முன்னாலும், அதே தூரம் பின்னாலும் காலியாக இருக்க வேண்டும் என்கிறது அந்தக் கையேடு. எட்டடிக் கம்பி என்றால் முன்னே 4.9 மீட்டர், பின்னே 4.9 மீட்டர். ஆக 9.8 மீட்டர், பூங்காவின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி. மீதியில் நடைபாதை, பெரியவர்களுக்கான கருவிகள், பெஞ்சுகள், காவலாளி அறை, புல்தரை, நாலு புங்கமரம் எல்லாம் அடங்கியாக வேண்டும். அடங்காது. அதனால் ஊஞ்சல் வீசும் பாதையும் பெரியவர்கள் நடக்கும் பாதையும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன.

இடம் தாராளமாக இருந்தால் அந்த இடமே ஆட்களைத் தள்ளித் தள்ளி வைத்துவிடும். இல்லாத ஊரில் அந்த வேலையை ஆட்களே செய்ய வேண்டியிருக்கிறது. பூங்கா மரியாதை என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி இதுதான். எதற்காக என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகளும் அதைக் கடைப்பிடிப்பார்கள். வாசலில் மாட்டியிருக்கும் பலகையில் பன்னிரண்டு “கூடாது” இருக்கும், ஒன்றுக்கும் காரணம் இருக்காது. அதைப் படித்துத் திருந்திய பிள்ளை யாரும் இல்லை.

ஊஞ்சல் கணக்கு

சண்டையில் பெரும்பங்கு ஊஞ்சலடியில்தான் பிறக்கிறது. “அஞ்சு நிமிஷம் ஆடிட்டுக் குடுத்துடணும்” என்று பெற்றோர் சொல்வார்கள். அஞ்சு நிமிஷம் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு பொருளும் தராது. காத்திருப்பவனுக்கு அது அரை மணி நேரம், ஆடுகிறவனுக்கு அரை நிமிஷம். கையில் கடிகாரம் கட்டிய பெரியவர் செல்போனில் மூழ்கிவிட்டால் கணக்கே போயிற்று.

நிமிஷத்தை விட்டுவிட்டு ஆட்டத்தை எண்ணுங்கள். சங்கிலி 2 மீட்டர் நீளம் உள்ள ஊஞ்சல் ஒரு தடவை போய் வர ஏறத்தாழ 3 நொடி ஆகும். ஏறி உட்கார்ந்திருப்பவர் குண்டா ஒல்லியா என்பது அதை மாற்றாது. தனி ஊசலின் வீச்சு நேரம் நீளத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததில்லை என்று பள்ளியில் படித்தது இங்கே கைகொடுக்கிறது. வேகமாகத் தள்ளிவிட்டாலும் உயரம்தான் கூடும், நேரத்தில் பெரிய வித்தியாசம் வராது. ஆகவே 40 ஆட்டம் என்பது யாருக்கும் ஏறத்தாழ 2 நிமிடம். யாரும் ஏமாற்ற முடியாத கடிகாரம் ஊஞ்சலிலேயே இருக்கிறது.

எண்ணும் வேலையை அடுத்து ஆடப் போகிற பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும், அதுவும் சத்தமாக. காத்திருக்கிறவனுக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது, ஆடுகிறவனுக்கு முடிவு வருவது காதில் விழுகிறது. எண்ணத் தெரியாத குட்டிகளுக்குப் பெரிய பிள்ளைகள் எண்ணிக் கொடுப்பார்கள். இரண்டு ஊஞ்சலுக்கு இருபது பிள்ளைகள் என்றால், ஆளுக்கு 40 ஆட்டம் வீதம் ஒரு சுற்று முடிய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஐந்து வயதுக்காரன் அவ்வளவு நேரம் தாங்க மாட்டான். கூட்டம் அதிகமானால் 25 ஆட்டமாகக் குறைப்பதே நல்லது. யாரும் காத்திருக்காதபோது எண்ணவே வேண்டாம்.

வரிசையில் ஆள்தான் நிற்க வேண்டும், பெயர் நிற்காது. பஸ் சீட்டுக்குத் துண்டு போடுவதுபோல “என் தம்பி வரான், அவனுக்கும் சேர்த்துப் புடிச்சு வச்சிருக்கேன்” என்பது செல்லாது. நிற்கும் இடமும் முக்கியம். ஊஞ்சலுக்கு நேர் முன்னாலோ பின்னாலோ நிற்கக் கூடாது. பக்கவாட்டில், கம்பத்துக்கு வெளியே நிற்க வேண்டும். பலகை கீழே வரும்போது முழங்கால் உயரத்தில் இருக்கும், பின்னால் வீசும்போது இரண்டு வயதுக் குழந்தையின் முகத்துக்கு நேராக வந்துவிடும். ஆடுகிறவனுக்கு முதுகுப் பக்கம் கண் கிடையாது. அண்ணனைத் தேடி ஓடிவரும் தங்கச்சிகள் அடிபடுவது பெரும்பாலும் அங்கேதான். ஊஞ்சலுக்குப் பின்னே ஒரு பெரியவர் நின்றால் அவர் தள்ளிவிடுவதற்காக நிற்கிறார் என்று நினைக்கிறோம். உண்மையில் குறுக்கே ஓடிவரும் குட்டிகளை மறிப்பதுதான் அவருடைய பெரிய வேலை.

ஊஞ்சல் ஆடும்போது காலடியில் மணல் தேய்ந்து தேய்ந்து குழியாகும். மணலைப் பார்த்தால் விளையாடக் கொட்டி வைத்ததுபோல இருக்கும். உண்மையில் அது மெத்தை. 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவரைத் தாங்க 20 சென்டிமீட்டர் ஆழமும், 3 மீட்டருக்கு 30 சென்டிமீட்டரும் மணல் வேண்டும் என்று ஐரோப்பியத் தரம் வரையறுக்கிறது. காலால் சிதறிப் போவதற்காக மேலும் 10 சென்டிமீட்டர் சேர்த்துக் கொட்டச் சொல்கிறது. நம் பூங்காக்களில் கொட்டும்போது அவ்வளவு கொட்டினாலும், மூன்று மாதத்தில் ஊஞ்சலடியிலும் சறுக்குமரத்தின் வாய்ப் பக்கத்திலும் கட்டாந்தரை தெரிய ஆரம்பித்துவிடும். விழுகிற இடமும் சரியாக அவை இரண்டும்தான். வீட்டுக்குக் கிளம்பும்போது ஆளுக்கு நாலு தடவை காலால் மணலை இழுத்துக் குழியை மூடிவிட்டுப் போனால் மறுநாள் வருகிற பிள்ளைக்கு மெத்தை இருக்கும். இதைப் பிள்ளைகள் உற்சாகமாகவே செய்வார்கள், சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அதே மணலைப் பூனைகளும் தேடி வரும், கழிந்துவிட்டு மூடிவிட்டுப் போகும். கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோல் வழியாகவே நுழையக் கூடியவை. மணலில் செருப்போடு விளையாடட்டும். முறுக்கை எடுப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கைப்பையில் ஒரு சோப்புத்துண்டு இருந்தால் போதும்.

பெரியவர்கள் ஊஞ்சலில் உட்காரலாமா? பிள்ளைகள் யாருமில்லாத காலை வேளையில் உட்கார்ந்தால் யாருக்கு நஷ்டம் என்பார்கள். கொக்கியும் பலகையும் பிள்ளைகளின் எடைக்கு வாங்கியவை. தேய்ந்த கொக்கி பெரியவர் ஆடும்போது விரிந்து, மாலையில் பிள்ளை ஆடும்போது கழன்று விழும். செய்தவர் ஒருவர், அடிபடுகிறவர் வேறொருவர் என்பதால் யாருக்கும் உறைப்பதில்லை.

சறுக்குமரத்தில்

இங்கே முறை ஒன்றே ஒன்று. முன்னால் போனவர் கீழே இறங்கி, எழுந்து, விலகிய பிறகு அடுத்தவர் உட்கார வேண்டும். எழுவதும் விலகுவதும் வேறு வேறு என்பதைப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்; எழுந்து அங்கேயே நின்று திரும்பி மேலே பார்த்துச் சிரிக்கிற பிள்ளையின் முதுகில்தான் அடுத்தவன் கால் வந்து இடிக்கும். சறுக்குப் பக்கமாகவே மேலே ஏறுவது தவறா என்று பெற்றோர்களுக்குள் தீராத விவாதம் உண்டு. மேலேயும் ஏணியிலும் யாருமில்லை என்றால் ஏறட்டும், கைகால் பலம்தானே. ஒரே ஒரு ஆள் ஏணியில் கால் வைத்துவிட்டாலும் இறங்கிவிட வேண்டும்.

பாசத்தால் வரும் எலும்பு முறிவு ஒன்று உண்டு. ஒன்றரை வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவோ அம்மாவோ சறுக்குவார்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதுதான் ஆபத்தாகிறது. குழந்தையின் ரப்பர் செருப்பு ஓரத்தில் உரசிப் பிடித்துக்கொள்ளும். தனியாகச் சறுக்கியிருந்தால் குழந்தை அங்கேயே நின்றிருக்கும். மடியில் இருப்பதால் பின்னால் அறுபது, எழுபது கிலோ எடை தள்ளிக்கொண்டே போகும். கால் நிற்கும், உடம்பு நகரும், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறுக்கி உடையும். தனியாகச் சறுக்க முடியாத குழந்தையை அந்தச் சறுக்கில் ஏற்றாதீர்கள். பக்கத்தில் நின்று இடுப்பைப் பிடித்தபடி இறக்கும் அளவுக்குத் தாழ்ந்த சறுக்கு இருந்தால் அதில் விடுங்கள்.

அக்னி நட்சத்திர நாள்களில் நாலு மணிக்கே பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் முதலில் தங்கள் புறங்கையைச் சறுக்குப் பலகையில் ஐந்து நொடி வைத்துப் பார்க்க வேண்டும். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் பிள்ளையின் தொடை தாங்காது. 60 டிகிரி சூடேறிய எவர்சில்வர் தகடு சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும், பிள்ளைகளின் தோல் இன்னும் மெல்லியது. வண்ணப் பிளாஸ்டிக் என்பதாலோ, கீழே ரப்பர் விரித்திருக்கிறது என்பதாலோ சுடாது என்று எண்ண வேண்டாம். மேற்கு வெயிலில் அவையும் கொதிக்கும்.

உடை விஷயத்தில் கண்டிப்பு தேவை. துப்பட்டா, கழுத்தில் தொங்கும் தண்ணீர் பாட்டில் கயிறு, தொப்பியின் நாடா ஆகியவை சறுக்கின் மேல்முனையிலும் ராட்டினத்தின் அச்சிலும் மாட்டிக்கொள்ளக் கூடியவை. கழுத்தில் சுற்றியிருப்பது மாட்டினால் பிள்ளையால் கத்தக்கூட முடியாது. சைக்கிளுக்குப் போட்ட ஹெல்மெட்டையும் கழற்றிவிட்டுத்தான் ஏற விட வேண்டும். கம்பி இடுக்கில் உடம்பு நுழைந்து ஹெல்மெட் நுழையாமல் தலை தொங்கிவிடும். கொலுசு ஏறும் வலையில் மாட்டும், பட்டுப்பாவாடை சீசாவின் அச்சில் சுருண்டு கிழியும். கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் பூங்கா என்றால் ஒரு மாற்று உடையைப் பையில் போட்டுக்கொள்வது மேல்.

சீசாவுக்கு ஒரே வரி: இறங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கு. சொல்லாமல் இறங்கினால் எதிரில் இருப்பவரின் முதுகெலும்புக்கு இடி விழும்.

பெரியவர்களின் இரும்பு

திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் வந்தபின் பூங்காக்களில் புதிதாக ஒரு தகராறு. பச்சையும் மஞ்சளும் அடித்த அவை பிள்ளைகளின் கண்ணுக்கு விளையாட்டுச் சாமானாகவே தெரிகின்றன. ஐரோப்பியத் தரத்தில் 1.4 மீட்டருக்கு மேல் உயரம் உள்ளவர்களுக்கே இவை என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். ஏறி நின்று இரு கால்களையும் முன்னும் பின்னும் வீசும் கருவிதான் பூங்காவிலேயே அதிகம் கவனிக்க வேண்டியது. ஆள் இறங்கிய பிறகும் அந்த இரும்புக் கால்கள் கொஞ்ச நேரம் வீசிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் நிற்கும் குழந்தையின் வாய்க்கும் பல்லுக்கும் நேராக. இறங்குகிறவர் கையால் பிடித்து அதை நிறுத்திவிட்டுத்தான் நகர வேண்டும். பிள்ளைகளை விரட்டுவதைவிட, “தம்பி, உன் உயரத்துக்கு இது எட்டாதுப்பா, கால் வழுக்குச்சுன்னா தாடையில அடிக்கும்” என்று காரணத்தோடு சொன்னால் கேட்பார்கள். மறுபக்கமும் ஒன்று உண்டு: சீசாவில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ரியல் எஸ்டேட் பேசிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் கருவிப் பக்கம் போகத்தான் செய்வார்கள்.

நடைபாதையில் எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவது வழக்கமாக இருக்கும், பலகை இல்லாவிட்டாலும். புதிதாக வருகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்து அதே திசையில் சேர்ந்துகொள்ள வேண்டும். நான்கு பேர் கைகோத்துப் பாதை முழுவதையும் அடைத்துப் போகாமல் இரண்டிரண்டாகப் போகலாம். துணைச்சக்கரம் வைத்த சைக்கிளுக்கு ஓரம், அதுவும் கூட்டம் குறைந்த பிறகு. பின்னாலிருந்து சைக்கிள் வந்தால் அறுபதைத் தாண்டியவர் திடுக்கிட்டு, எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று அவருக்கே தெரியாது. அந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கை. ஓட்டுகிற பிள்ளையிடம் இதைச் சொல்லிவைத்தால் மணி அடித்துவிட்டு வருவான். ஸ்பீக்கரில் பாட்டு, பக்திப் பாடலானாலும், அவரவர் காதோடு நிற்கட்டும்.

கிரிக்கெட் ஆட வருகிற பையன்களை வில்லன்களாக்குவது எனக்குப் பிடிக்காது. அவர்களுக்கென்று மைதானம் இல்லாததால்தான் இங்கே வருகிறார்கள். ஆனாலும் இரண்டேகால் கிரவுண்டில் ஸ்டம்பர் எனும் கெட்டிப் பந்து கூடவே கூடாது. டென்னிஸ் பந்து என்றாலும் தரையோடு மட்டும், சின்னக் குழந்தைகள் கிளம்பிய பிறகு. புல்தரையில் ஒரே இடத்தில் பிட்ச் போட்டால் ஒரு மாதத்தில் அங்கே வழுக்கை விழும். மழை பெய்த அன்றோ தண்ணீர் பாய்ச்சிய உடனேயோ புல்லில் நடந்தால், ஈரமண் அமுங்கி இறுகி, வேருக்குக் காற்றுப் போகும் இடுக்கெல்லாம் அடைந்துவிடும். தரை காய்ந்த நாளில் நூறு பேர் நடப்பதைவிட ஈர நாளில் பத்துப் பேர் நடப்பது கேடு. “புல்லில் நடக்காதீர்” பலகைக்கு இந்த ஒரு வரியைச் சேர்த்து எழுதியிருந்தால் மதித்திருப்பார்கள்.

பூப் பறிப்பதில் பிள்ளைகளைக் கண்டிக்கிறோம். அதிகாலையில் கொக்கிக் கழியும் துணிப்பையுமாக வந்து செம்பருத்தியையும் நந்தியாவட்டையையும் மொட்டோடு உருவிப் போகிறவர்கள் பெரியவர்களே. சாமிக்கு என்ற ஒரு சொல்லில் கேள்வி அடங்கிவிடுகிறது. பார்த்து வளரும் பிள்ளை தானும் பறிக்கும், வாயிலும் வைக்கும். பூங்கா வேலியோரங்களில் மஞ்சள் அரளி நிறைய உண்டு. அதன் கொட்டை இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சு. அந்தச் செடியைப் பிள்ளைக்குக் காட்டி, பெயர் சொல்லி, தொட்டால் கை கழுவ வேண்டும் என்று பழக்குவது பெற்றோரின் வேலை.

சுண்டல் பொட்டலத்துக்குப் பின்

பூங்காவில் தின்பண்டம் கூடாது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? உட்கார்ந்து தின்னட்டும், விளையாட்டுச் சாமான்களிலிருந்து தள்ளி, ஒரே இடத்தில். ஓடிக்கொண்டே தின்பதற்குத் தடை போடுங்கள், முக்கியமாக நிலக்கடலைக்கு. சின்னப் பிள்ளைகளின் மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கும் பொருள்களில் கடலை முன்வரிசையில் நிற்கிறது. வாயில் கடலையோடு ஓடி, சிரித்து, இடறி விழுந்தால் அது போகிற வழி தப்பிவிடும். பக்கத்துப் பிள்ளைக்குப் பகிர்ந்து கொடுப்பது நல்ல வழக்கம்தான், கொடுக்கும் முன், “குழந்தைக்கு இது குடுக்கலாமாங்க?” என்று அதன் வீட்டாரிடம் கேட்டுக்கொள்வது அதைவிட நல்லது.

சிந்திய பட்டாணியும் சோளப்பொரியும் இரவில் பெருச்சாளியை அழைத்துவரும், பகலில் காக்கையையும் தெருநாயையும். தீனி விழும் பெஞ்சை நாய் தன் இடமாக்கிக்கொள்ளும், பிறகு நெருங்கும் பிள்ளையைப் பார்த்து உறுமும். நாயைத் திட்டுகிறோம், அதை அங்கே அமர்த்தியது நம் பொட்டலம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் கப், தட்டு, உறிஞ்சுகுழல், கைப்பை ஆகியவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. ஒரு மஞ்சப்பையில் எவர்சில்வர் டப்பா, தண்ணீர் பாட்டில், குப்பைக்கென்று இன்னொரு பை: மூன்றும் போதும். தொட்டி நிரம்பி வழிந்தால் அதன் மேல் அடுக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். டயப்பரைச் செய்தித்தாளில் இறுகச் சுற்றித் தனியே கொண்டுபோக வேண்டும். பூங்காத் தொட்டியைக் கையால் கிளறிப் பிரிப்பவர் ஒரு மனிதர். இளநீர் கூட்டை மரத்தடியில் விட்டுவிட்டு மக்கிவிடும் என்பார்கள். மக்குவதற்கு முன் மழைநீர் தேங்கி, ஏழு முதல் பத்து நாளில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். அது பகலில் கடிக்கும் கொசு, அதிகமும் காலையிலும் மாலையிலும். பூங்கா நிறைந்திருக்கும் நேரமும் அதுதான்.

கிண்டி சிறுவர் பூங்காவின் நிலைமை வேறு. தேசியப் பூங்காவை ஒட்டியிருப்பதால் அங்கே புள்ளிமான்களும் நாட்டுக் குரங்குகளும் உண்டு. மான் அசைபோடும் விலங்கு. உப்புக் காரம் ஒட்டிய பிளாஸ்டிக் உறையைத் தின்றால் அது முன் இரைப்பையில் தங்கிவிடும், வெளியே வராது. நாளாக நாளாகச் சேர்ந்து, தின்ன இடமில்லாமல் போகும். குரங்குக்கு ஒரே ஒரு வாழைப்பழம் கொடுத்த குடும்பம் சந்தோஷமாகப் போய்விடும். அடுத்த நாள் கையில் பையோடு வரும் குழந்தையிடம் அந்தக் குரங்கு பறிக்கப் பார்க்கும். பறிக்க வந்தால் இழுபறி வேண்டாம், பையை விட்டுவிட வேண்டும். சிரித்துக்கொண்டே கண்ணைப் பார்க்கவும் கூடாது. நம் சிரிப்பு குரங்குக்குப் பல் காட்டி மிரட்டுவதாகப் படும்.

பிறந்த நாள் கொண்டாட்டமும் பூங்காவுக்கு வந்துவிட்டது. கேக் வெட்டட்டும். நுரை தெளிக்கும் டப்பா, மினுமினுப்புத் தூள், காகிதம் சிதறும் வெடி மூன்றும் புல்லிலிருந்து பொறுக்கவே முடியாதவை. வெடித்த பலூனின் ரப்பர் துணுக்கு கைக்குழந்தையின் தொண்டையில் படிந்து மூச்சை அடைக்கும். கொண்டுவந்த பலூன்களை எண்ணி வைத்துக்கொண்டு, கிளம்பும்போது கிழிந்ததும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

நாய்

2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதன்பின் உரிமம், கழுத்துக்கயிறு, வாய்மூடி பற்றிய பேச்சு ஊர் முழுக்கச் சூடாயிற்று. வளர்ப்பவர் தன் நாய் ஒன்றும் செய்யாது என்பார். அவரை அது ஒன்றும் செய்யாதுதான். ஓடுகிற, கத்துகிற, விழுகிற பிள்ளைகளை அது வீட்டில் பார்த்திருக்காது. கயிறு ஒன்றரை மீட்டருக்குள், கை விட்டுப் போகாத பெரியவர் கையில், விளையாட்டுப் பகுதிக்கு வெளியே. கழிந்ததை அள்ள ஒரு பை.

பிள்ளைகளுக்கும் பாடம் உண்டு. “அங்கிள், தொடலாமா?” என்று முதலில் கேட்க வேண்டும். அவர் சரி என்றாலும் மூடிய கையை நீட்டி நாய் முகர்ந்த பிறகே தடவலாம். தூங்கும் நாய், தின்னும் நாய், குட்டி போட்ட நாய் மூன்றையும் தொடவே கூடாது. தெருநாய் துரத்த வந்தால் ஓடக் கூடாது. மரம்போல நின்று, கைகளை மார்போடு கட்டி, தரையைப் பார்க்க வேண்டும். கடித்துவிட்டால், பிறாண்டல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. எல்லா ஊசியையும் சொன்ன நாளில் போட்டாக வேண்டும். வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது.

அடுத்த வீட்டுப் பிள்ளை

தன் பிள்ளையை இன்னொருவர் அதட்டினால் எந்தத் தாய்க்கும் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனாலும் ஆபத்து என்றால் யார் பிள்ளையையும் யாரும் தடுக்கலாம், தடுக்க வேண்டும். கைதொடாமல், கேள்வி கேட்காமல், நடப்பதைச் சொன்னால் போதும்: “கண்ணா, பாப்பா கீழ நிக்குது பாரு, கொஞ்சம் இரு.” “யாரு வீட்டுப் பிள்ளை நீ, இப்படியா வளர்த்தாங்க?” என்று ஆரம்பித்தால் பேச்சு பிள்ளையை விட்டு வளர்ப்புக்குத் தாவிவிடும். உங்கள் பிள்ளை இன்னொன்றைத் தள்ளிவிட்டால் முதலில் அடிபட்ட பிள்ளையிடம் போங்கள். தூக்கி, மண் தட்டி, அதன் அம்மாவிடம் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையை விசாரிப்பது அதற்கப்புறம். எல்லோர் முன்னிலையிலும் “சாரி சொல்லு, சாரி சொல்லு” என்று இழுப்பதால் இரண்டு பிள்ளைகளும் அழுவதுதான் மிச்சம்.

ஊஞ்சலிலிருந்து இறங்க மறுத்து அலறும் எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து வளர்ப்பு சரியில்லை என்று முணுமுணுக்கும் முன் நிதானியுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு ஊஞ்சலின் சீரான அசைவுதான் நாள் முழுக்கச் சேர்ந்த இரைச்சலை இறக்கி வைக்கும் இடம். திடீரென்று நிறுத்துவதே அவர்களுக்குத் தாங்காது. அங்கேயும் எண்ணிக்கை உதவும்; கடைசிப் பத்தை மெதுவாக, ஒரே குரலில் எண்ணினால் பலர் இறங்கிவிடுகிறார்கள். அந்தத் தாயிடம் அறிவுரை சொல்லாமல், “பரவாயில்லைங்க, ஆடட்டும், நாங்க அப்புறம் ஆடறோம்” என்றால் அதுவே பெரிய உதவி.

உங்கள் பிள்ளையைப் படம் எடுக்கும்போது பின்னால் அடுத்தவர் பிள்ளையின் முகம் விழாத கோணத்தில் நின்றுகொள்ளுங்கள். விழுந்துவிட்டால் வெட்டிவிட்டுப் பகிருங்கள். அண்ணா நகர் டவர் பூங்கா, செம்மொழிப் பூங்கா மாதிரி ஏக்கர் கணக்கில் விரிந்த இடங்களில் உள்ளே நுழைந்ததும் பிள்ளையைத் தலை முதல் கால் வரை ஒரு படம் எடுத்து வைப்பது பயன்படும். காணாமல் போனால் என்ன சட்டை என்று பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது. தொலைந்தால் வந்து நிற்க வேண்டிய இடம் ஒன்றையும் முன்பே காட்டி வையுங்கள், சட்டைப் பையில் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். வழி தவறிய குழந்தை உங்கள் கண்ணில் பட்டால் கைபிடித்து ஊரெல்லாம் தேடாமல், அங்கேயே உடன் நின்று காவலாளியை அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

கிளம்பும்போது

“வா போகலாம்” என்று கையைப் பிடித்து இழுப்பதால் வாசலில் தினமும் ஒரு அழுகை. காவலாளி விசில் ஊதுவதற்குப் பத்து நிமிடம் முன்பே சொல்லிவிட வேண்டும், அதுவும் நிமிடத்தில் சொல்லாமல் வேலையில்: இன்னும் இரண்டு சறுக்கு, இருபது ஆட்டம், அப்புறம் மணல் தள்ளிவிட்டுச் செருப்பு. செருப்பில் ஏறிய மணலை வாசலுக்கு உள்ளேயே தட்டிவிடட்டும், அது பூங்காவின் மணல்.

ஊஞ்சல் கொக்கி தேய்ந்திருப்பதையோ, பலகை விரிசல் விட்டிருப்பதையோ பார்த்துவிட்டு நம் பிள்ளையை மட்டும் வேறு பக்கம் கூட்டிப் போவது பலரின் பழக்கம். மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்து, பூங்காவின் பெயர், தெரு, எந்தச் சாமான், எந்தப் பக்கத்துக் கொக்கி என்று சொல்ல வேண்டும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சரிசெய்ய ஆள் வரும்வரை, காவலாளியைத் துணைக்கு அழைத்து ஊஞ்சலை மேல்கம்பியின் மீது வீசி இரண்டு சுற்றுச் சுற்றிப் பலகையைக் கைக்கெட்டாத உயரத்துக்குத் தூக்கிவிடலாம். மறுநாள் மாலை வரும் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள், பிறகு மிச்சமிருக்கும் ஒற்றை ஊஞ்சலுக்கு வரிசையில் நின்று இருபத்தைந்து வரை எண்ணுவார்கள்.